வெள்ளைச் சட்டை ஹவல்தாருக்கு ஒரு புகழ் மடல்

மும்பையில் இறங்கிய முதல் அரைமணி நேரத்தில் மூன்று பேருடைய மண்டையை இடித்திருந்தேன். குற்றம் என்னுடையதல்ல, நான் தூக்கி வந்த கண்ணாடிச் சட்டத்தினுடையது. மூன்றடி உயரம், இரண்டடி அகலம். பழைய போர்வையில் சுற்றிச் சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். இடிபட்ட மூவரும் திரும்பி நின்று நீளமாக ஏதோ சொன்னார்கள். இந்தி தெரியாமல் இருப்பதில் இப்படி ஒரு சௌகரியம் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது.

சட்டத்துக்குள் இருந்தது ஒரு புகழ் மடல். எழுதியவன் நான். மின்வாரியத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்றாலும் நாங்குநேரி வட்டாரத்தில் என்னை அறிந்தவர்கள் அதற்காக அறிந்தவர்கள் இல்லை. பணி ஓய்வா, அறுபதாம் கல்யாணமா, பள்ளிக்கூடத்துக்குப் புதுத் தலைமையாசிரியர் வருகிறாரா, மடல் எழுத என்னிடம்தான் வருவார்கள். ஆளைப் பற்றி விசாரிக்கும் கெட்ட பழக்கம் எனக்குக் கிடையாது. பெயரும் உத்தியோகமும் தெரிந்தால் போதும். ரேஷன் கடையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை 'வேங்கையே!' என்று விளித்து எழுதியிருக்கிறேன். அவர் பூனை குறுக்கே வந்தாலே திரும்பிப் போகிறவர். மேடையில் வாசித்தபோது அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவரோ தேம்பித் தேம்பி அழுதார்.

இந்த முறை எழுதியது செல்லத்துரைக்கு. எங்கள் ஊர்க்காரர் என்று பாதி உரிமையோடு சொல்லலாம். அவருடைய அப்பா காலத்திலேயே தாராவிக்குப் பிழைக்கப் போன குடும்பம். செல்லத்துரை மும்பைப் போலீசில் ஹவல்தார், அதாவது நம் ஊர் ஏட்டு. நான்கு மாதங்களுக்கு முன் வேலையில் இருந்தபோது கொல்லப்பட்டார். மும்பையில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கம் அவருக்குப் புகழ் வணக்கக் கூட்டம் நடத்த முடிவு செய்தது. சங்கத்தின் செயலாளர் தங்கராஜ் போனில் என்னிடம் விவரம் சொன்னார்.

"அஞ்சு திருடனுவ அண்ணாச்சி. எல்லாவன் கையிலயும் அருவா. இவரு ஒத்த ஆளா நின்னு மடக்கியிருக்காரு. நீங்க எழுதுற எழுத்துல சபை அழணும், பாத்துக்கிடுங்க."

எழுதினேன். எங்கள் ஊர் டீக்கடையில் வாசித்துக் காட்டியதற்கே நாலு பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஊர் சார்பில் நானே நேரில் போய் மேடையில் வாசித்து, செல்லத்துரையின் மனைவி கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று முடிவாயிற்று.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, நான் போய்ச் சேர்ந்தது வியாழக்கிழமை. தங்கராஜ் ஆட்டோவோடு வந்திருந்தார். ஐம்பது வயது, வெள்ளை வேட்டி, காதில் எந்நேரமும் போன். சைக்கிளில் இட்லி விற்று வளர்ந்தவர். இன்று அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் அவிக்கிற இட்லியை நாற்பது பேர் ஊர் முழுக்கக் கொண்டுபோய் விற்கிறார்கள். மேல்தளத்தில் எனக்கு இடம். மேலே போக மாடிப்படி கிடையாது, செங்குத்தாக ஒரு இரும்பு ஏணியும் பிடித்துக்கொள்ள ஒரு கயிறும். நான் ஏறிய விதத்தைப் பார்த்துவிட்டு அவர் மனைவி, "இறங்கும்போது சொல்லுங்க, ஆளு அனுப்புதேன்" என்றார். ஊரில் என் வீட்டு மொட்டைமாடிக்குப் போக இருபது படி. அவற்றைக் குறை சொன்னதற்காக அன்று மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

சந்து முனையில் கூட்டத்துக்கான பேனர் கட்டியிருந்தார்கள். பின்னால் தீச்சுவாலை, பக்கத்தில் சிங்கம், நடுவில் காக்கிச் சட்டையில் துப்பாக்கியை நீட்டியபடி செல்லத்துரை. முகம் சாதுவாக இருந்தது, உடம்பு மட்டும் மல்யுத்தக்காரருடையது. கழுத்துக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். ஓரத்தில் சங்க நிர்வாகிகள் எட்டுப் பேரும் கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். நான் சிங்கத்தின் அருகே நெடுநேரம் நின்று, சின்ன வயதில் ஊர்க் கோயில் கொடைக்கு வந்த செல்லத்துரையை எங்காவது பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அன்று மாலை தங்கராஜ் வீட்டு வாசலில் பத்துப் பேர் கூடினார்கள். நான் மடலை வாசித்தேன். ஐவரை வென்ற இடத்தில் கைதட்டல் கிளம்பியது. கூட்டம் கலையும்போது பின்னால் நின்ற ஒருவர் மட்டும் என் அருகே வந்து, கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் உரசிக் காட்டினார்.

"இதையும் எழுதியாச்சா அண்ணாச்சி?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு விளங்கவில்லை. தங்கராஜ் பாய்ந்து வந்து அவரைத் தோளில் தட்டி அனுப்பிவைத்தார். என்ன விஷயம் என்று கேட்டேன். "கிறுக்குப் பய, விடுங்க" என்றார். ரூபாயை எண்ணும் சைகையை வைத்துக்கொண்டு, செத்துப்போனவரைப் பற்றி என்ன கேள்வி கேட்க முடியும் என்று குழம்பியபடியே ஏணியில் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை மண்டபம் பார்க்க மாட்டுங்காவுக்குப் போனோம். தாராவியில் இருந்து கூப்பிடு தூரம்தான். அதற்குள் நடை மாறிவிடுகிறது. தாராவியில் எதிரே வருபவர் உங்களைத் தாண்டிப் போகிறார், மாட்டுங்காவில் ஒதுங்கி வழிவிடுகிறார். ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடைகளில் வாழையிலையும் மாவிலையும் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. திருநெல்வேலி டவுனில் நிற்கிறோமோ என்று ஒரு கணம் தோன்றியது. தங்கராஜ் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு ரோஜா மாலைகள் சொன்னார். அந்த அம்மாவுக்கும் மாலையா என்று பூக்காரர் கேட்டபோது மட்டும் திணறினார். விதவைக்கு மாலை போடலாமா, சால்வை மட்டும் போதுமா என்று இரண்டு பேரும் விவாதித்தார்கள். என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். எனக்கு அபிப்பிராயம் இல்லை. கடைசியில் சால்வை என்று முடிவானது.

மத்தியானம் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். இலை போட்டு, பருப்புப் பொடியில் தொடங்கி மோர் வரை ஒரு குறையும் இல்லை. ரசத்தை இரண்டாம் முறை கேட்காமலே ஊற்றிய அந்தப் பரிசாரகருக்கு ஒரு மடல் எழுதலாம் என்றிருந்தது. எங்கள் மேஜையில் ஒரு பெரியவர் இருந்தார். மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கும் குடும்பம், ரயில்வே ஆபீசில் வேலை பார்த்தவர். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"அந்த ஹவல்தாரா! எங்க பில்டிங் குரூப்ல வந்துதே. பேங்க்ல கொள்ளை அடிக்க வந்தவாளைத் துரத்தினப்போ சுட்டுட்டாளாமே. ரெண்டு குண்டு நெஞ்சுல."

"அருவாள் இல்லையா?" என்று கேட்டேன்.

"அருவாளா? பம்பாயில ஏது அருவாள்?" என்று அவர் மோரைக் குடித்துவிட்டுக் கை கழுவப் போனார்.

நான் தங்கராஜைப் பார்த்தேன். அவர் இலையைப் பார்த்தார். வெளியே வந்ததும், "ஆளுக்கு ஒண்ணு சொல்லத்தான் செய்வாங்க. நீங்க நம்மளத வச்சுக்கிடுங்க" என்றார். 'நம்மளது' என்ற சொல் என்னை என்னவோ செய்தது. ஒரு மனிதன் ஒரே முறைதானே சாக முடியும்?

சனிக்கிழமை செம்பூர் போனேன். அங்கே போலீஸ் குடியிருப்பில்தான் செல்லத்துரையின் மனைவி முத்துலட்சுமியும் மகள் அனிதாவும் இருந்தார்கள். மேடையில் முதல் முறையாக முகம் பார்ப்பது மரியாதை இல்லை என்று தோன்றியதால், முன்கூட்டியே போய்த் துக்கம் விசாரித்து, மடலையும் காட்டிவிட்டு வரலாம் என்று நினைத்தேன். தங்கராஜுக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. "எதுக்கு அண்ணாச்சி, நாளைக்குத்தான் பாக்கப் போறோமே" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு குர்லாவில் மாற வேண்டும் என்று சொல்லி ரயிலேற்றிவிட்டார்.

குர்லாவில் சரியாகவே மாறினேன். செம்பூரில் இறங்கத்தான் முடியவில்லை. நம்ம திருச்செந்தூர் பாசஞ்சரில் முறுக்கு வாங்க இறங்கி, காசு கொடுத்து, மீதி வாங்கி, திரும்ப ஏறிய பழக்கம் எனக்கு. இங்கே ரயில் நிற்பது ஒரு தும்மல் போடும் நேரம். எனக்கு முன்னால் நின்றவர் என்னிடம் ஏதோ கேட்டார். அடுத்ததில் இறங்குகிறாயா என்று கேட்கிறார், ஆமாம் என்றால் தான் விலகி உன்னை வாசல் பக்கம் விடுவார், இதுதான் இந்த ஊர் முறை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது என் சட்டத்தைப் பற்றி ஏதோ குறை சொல்கிறார் என்று நினைத்து, சிரித்துத் தலையை ஆட்டினேன், இல்லை என்கிற பக்கமாக. செம்பூர் வந்தது, போனது. அடுத்த இரண்டு ஸ்டேஷன்களில் என்னைச் சுற்றி இன்னும் ஆள் ஏறினார்கள். பிறகு கடல்போல ஒரு கழிமுகம், அதன் மேல் நீளப் பாலம். மும்பை முடிந்துபோய் வேறு ஊருக்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. நெருளில்தான் என்னால் வாசலை எட்ட முடிந்தது.

நெருள் பிளாட்பாரத்தில் கோவில் பிரசாதப் பையோடு ஒரு தமிழ் அம்மாள் நின்றார். என் முழியே அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

"செம்பூரா? இறங்கறதுக்கு ரெண்டு ஸ்டேஷன் முன்னாடியே வாசல் பக்கம் நகரணும் சார்" என்று சொல்லி, திரும்பும் வண்டியில் ஏற்றி, வாசலில் தொங்கிய வாலிபர்களிடம் இந்தியில் ஏதோ உத்தரவு போட்டார். உத்தரவு அப்படியே நிறைவேறியது. செம்பூர் வந்ததும் சட்டம் தலைகளுக்கு மேலே கைமாறிக் கைமாறிப் பிளாட்பாரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னாலேயே நானும் ஏறக்குறைய அதே முறையில் இறக்கப்பட்டேன். நன்றி சொல்லத் திரும்பினால் ரயில் இல்லை.

இரண்டு மணி நேரம் தாமதமாக மூன்றாம் மாடி ஏறினேன். முத்துலட்சுமி வாசலிலேயே நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். "வாங்க அண்ணாச்சி. நெருள் வரைக்கும் போயிட்டியளா?" என்றார். நெருளில் இருந்து நான் தங்கராஜிடம் போனில் புலம்பியிருந்தேன், அவர் இங்கே மூன்று தடவை போன் செய்திருக்கிறார். உள்ளே கூப்பிட்டு முதலில் சோறு போட்டார். பொம்பில் என்கிற மும்பை மீனில் வைத்த நம் ஊர்ப் புளிக்குழம்பு. அந்த மீன் வாயில் வைத்ததும் காணாமல் போய்விடுகிறது, குழம்பு மட்டும் நாங்குநேரியிலேயே இருக்கிறது. துக்க வீட்டில் இரண்டாம் முறை சோறு வாங்கிக் கொண்டதற்கு வெட்கப்பட்டேன். ஆனாலும் வாங்கிக் கொண்டேன்.

சுவரில் படம் இருந்தது. பேனரில் பார்த்த அதே முகம், ஆனால் வெள்ளைச் சட்டை, ஒல்லி உடம்பு, லேசான தொந்தி.

"டிராஃபிக்ல வெள்ளச் சட்டதான் அண்ணாச்சி. பேனர்ல காக்கி போட்டு வச்சிருக்காங்க. துப்பாக்கி வேற. அவரு கையில மிஷினுதான் இருக்கும், ஃபைன் சலான் அடிக்கிற மிஷினு" என்றார்.

நான் கட்டை அவிழ்த்துச் சட்டத்தை நாற்காலியில் சாய்த்து வைத்தேன். முத்துலட்சுமி எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"எனக்குப் பேசத்தான் தெரியும், வாசிக்க வராது. இந்தி ஸ்கூல்ல படிச்சேன். நீங்களே வாசிங்க."

அனிதாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்லூரியில் முதல் வருடம். "எனக்கும் பில்குல் வராது அங்கிள். ஸ்லோவா படிங்க" என்றாள்.

மெதுவாகவே படித்தேன். வீரத்தின் விளைநிலமே. அஞ்சா நெஞ்சத்து அரிமாவே. அருவாள் ஏந்திய ஐவரை வெறுங்கையால் வென்று, வெற்றித் திருமகள் மாலை சூட்டும் வேளையில் மண்ணில் சாய்ந்த மாமலையே. குரலை எங்கே ஏற்ற வேண்டும், எங்கே தழுதழுக்க வேண்டும் என்பது எனக்கு அத்துபடி. தழுதழுத்துவிட்டு நிமிர்ந்தேன்.

முத்துலட்சுமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

நான் முப்பது வருடமாக மடல் எழுதுகிறேன். இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

அடுத்த வீட்டில் இருந்து கதம் என்ற மராட்டியரை அனிதா கூட்டி வந்தாள். அவரும் போக்குவரத்துப் போலீஸ், அன்று செல்லத்துரையோடு வேலையில் இருந்தவர். அவர் இந்தியில் சொன்னதை அனிதா துண்டு துண்டாகத் தமிழில் சொன்னாள். திருடர்கள் இல்லை. பேங்க் இல்லை. குண்டு இல்லை. பகல் இரண்டு மணிக்கு ஹெல்மெட் சோதனை. "வண்டிக்கு நேரே நிற்காதே, ஓரமாக நில் என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவரே செல்லத்துரைதான். அன்றைக்கும் ஓரத்தில்தான் நின்றார். கையைக் காட்டினார். பத்தொன்பது வயதுப் பையன், லைசென்ஸ் இல்லை. பயந்துபோய் வேகத்தைக் கூட்டினான். நடுவில் தடுப்பு இருந்தது, அதனால் ஓரமாகத் திரும்பினான்." கதம் அதோடு நிறுத்திக்கொண்டார். அனிதாவும் நிறுத்திக்கொண்டாள்.

"அப்படியென்றால் ஏன் இப்படியெல்லாம்…" என்று நான் இழுத்தேன்.

முத்துலட்சுமி கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் உரசிக் காட்டினார். வியாழக்கிழமை பார்த்த அதே சைகை.

"ரோட்டுல வண்டிய நிப்பாட்டுற போலீசுன்னா இதுக்குத்தான நிப்பாட்டுவான். தாராவியில அப்படித்தான் பேசிக்கிடுதாங்க. வசூலுக்குப் பாஞ்சு போயி வண்டியில விழுந்துட்டாராம். எம்மகளோட சித்தி பொண்ணே இவகிட்டக் கேட்டுட்டா. அதுலருந்து இவ அந்தப் பக்கமே போகல."

அனிதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கராஜ் அண்ணனுக்கு நல்ல மனசு. அந்தப் பேச்ச அமுக்கத்தான் திருடன் கத கட்டுனாரு. எனக்குத் தெரியும். ஆனா பொய்யப் போட்டு மூடுனா என்ன நெனப்பாங்க? உள்ள ஏதோ அழுக்கு கிடக்கு, அதான் மூடுதாங்கன்னு நெனைக்க மாட்டாங்களா? சொல்லுங்க அண்ணாச்சி."

மூடப் போட்ட அந்தப் பொய்த் துணியை நெய்தவனே நான்தான்.

அவர் பீரோவில் இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். அன்று செல்லத்துரையின் சட்டை, பேன்ட் பைகளில் இருந்தவற்றை ஆஸ்பத்திரியில் கொடுத்த கவர். கதம் முன்னிலையில் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுத்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். நான் குறித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்.

"நாளைக்கு நான் மேடைக்கு வருவேன். வரலேன்னா அதுக்கும் ஒரு கத கட்டுவாங்க. ஆனா இந்த அஞ்சு திருடன வாசிச்சியள்னா கை நீட்டி வாங்க மாட்டேன். எந்திரிச்சுப் போயிருவேன். எம்புருசன் நின்ன எடத்துல நின்னாருன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"பார்க்கிறேம்மா" என்றேன். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

சாயங்காலம் தாராவி திரும்பி விஷயத்தைச் சொன்னதும் தங்கராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உள்ளது எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? ஹெல்மெட் செக்கிங்ல செத்தாருன்னு மேடையில சொன்னா, எதிர உக்காந்திருக்கவன்ல பாதிப் பேரு ஹெல்மெட்டுக்கு ஃபைன் கட்டுனவன். என்ன நெனப்பான்? சிரிச்சிருவான். அந்தப் பொம்பள அத மேடையில உக்காந்து பாக்கணுமா? திருடன்னு சொன்னா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். அந்தக் குடும்பத்துக்கு நல்லது நெனச்சுத்தான் செஞ்சேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. செம்பூரில் முத்துலட்சுமி பேசியபோது அவர் சொல்வது சரி என்று பட்டது. இப்போது தங்கராஜ் சொல்வதும் சரி என்றே பட்டது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர் வெயிலில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதைச் சொன்னால் ஒரு சபை சிரிக்குமா? சிரிக்குமோ என்று எனக்கும் பயமாக இருந்தது. என் பிழைப்பே சபையின் முகத்தைப் பார்த்து எழுதுவதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல்தளத்தில் உட்கார்ந்து எழுத முயன்றேன். கீழே இருந்து இட்லி ஆவி ஏணி வழியே மேலே வந்துகொண்டிருந்தது. 'செல்லத்துரை ஓரத்தில் நின்றார்' என்று எழுதினால் பேனா தானாக 'ஓங்கிய மலையென' என்று சேர்க்கிறது. அடித்தேன். 'கையைக் காட்டினார்' என்றால் 'காலனையே தடுத்த கை' என்று ஓடுகிறது. அதையும் அடித்தேன். என்னிடம் சரக்கு இல்லை என்று சொல்லவில்லை. வேண்டாத சரக்கு அவ்வளவு இருந்தது. ஒரு பக்கம் எழுதப் பதினோரு மணி ஆகிவிட்டது. பிறகு சட்டத்தைக் குப்புறப் போட்டு, பின்பக்கத்து ஆணிகளை நகவெட்டியால் நெம்பி, பொன் நிறப் பூவேலையோடு அச்சடித்த தாளை வெளியே எடுத்தேன். அதன் வெள்ளைப் பின்புறத்தில் பெரிய எழுத்தில் மை பேனாவால் எழுதி, அந்தப் பக்கம் கண்ணாடியைப் பார்க்கும்படி வைத்து மூடினேன். தங்கராஜிடம் சொல்லவில்லை. சொன்னால் கெஞ்சுவார், கெஞ்சினால் இளகிவிடுவேன். பழையபடி போர்வையைச் சுற்றிக் கட்டினேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. தாணேயில் இருந்துகூட ஊர்க்காரர்கள் வந்திருந்தார்கள். முத்துலட்சுமி வெளிர் நீலப் புடவையில் மேடை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அனிதா பக்கத்தில். என்னையும் போர்வை சுற்றிய சட்டத்தையும் பார்த்தார். கூட்டம் தொடங்கியது. முதலில் பேசியவர் ஐந்து திருடர்கள் என்றார். அடுத்தவர் ஏழு என்றார். மூன்றாமவர் செல்லத்துரையை இன்ஸ்பெக்டர் ஆக்கிவிட்டார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் விழுந்தது. ஒவ்வொரு கைதட்டலுக்கும் முத்துலட்சுமி மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பதை நான் பார்த்தேன்.

என் பெயரை அழைத்தார்கள். சால்வையோடு தங்கராஜ் பக்கத்தில் வந்து நின்றார். போர்வையை எடுத்ததும் அவர் முகம் வெளுத்தது. பொன் நிறப் பூவேலை இல்லை, கையெழுத்து இருந்தது. "அண்ணாச்சி…" என்றார், என் காதுக்கு மட்டும். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். குரலை எங்கும் ஏற்றவில்லை. ஏற்ற முயன்றாலும் வந்திருக்காது.

"செல்லத்துரை போக்குவரத்துப் போலீசில் ஹவல்தார். அன்று பகல் இரண்டு மணிக்கு அவருக்கு ஹெல்மெட் சோதனை வேலை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சாலையின் ஓரத்தில், நிற்க வேண்டிய இடத்தில் நின்றார். வந்த வண்டிக்குக் கையைக் காட்டினார். வண்டி நிற்கவில்லை. ஓட்டிய பையனிடம் லைசென்ஸ் இல்லை. நடுவில் தடுப்பு இருந்ததால் ஓரமாகத் திரும்பினான். செல்லத்துரை அதே இடத்தில் விழுந்தார். அவர் யாரையும் துரத்தவில்லை. வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்."

எங்கே கைதட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சிரிப்பு வருகிறதா என்று ஒரு கணம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பிறகு கடைசிப் பத்தியை வாசித்தேன்.

"அன்று அவருடைய பைகளில் இருந்தவை. ஒரு மாத ரயில் பாஸ். காது உடைந்து நூல் சுற்றிய மூக்குக் கண்ணாடி. நெஞ்செரிச்சல் மாத்திரை இரண்டு. மகளுக்கு வாங்க வேண்டிய நோட்டுகளின் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு. டீக்குச் சில்லறை. வேறு எதுவும் இல்லை."

முடித்துவிட்டு நின்றேன். முன்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். வியாழக்கிழமை விரலை உரசிக் காட்டியவர் நாலாம் வரிசையில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். தங்கராஜின் கையில் சால்வை மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. நான் முத்துலட்சுமி பக்கம் திரும்பினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, ஆனால் சபைக்குக் கேட்கும் குரலில் சொன்னார்.

"கடைசி வரிய இன்னொரு தரம் வாசிங்க அண்ணாச்சி. பின்னால இருக்கவங்களுக்குக் கேட்டிருக்காது."

மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டேன்.

"வேறு எதுவும் இல்லை" என்று வாசித்தேன்.

முத்துலட்சுமி எழுந்து வந்து, சட்டத்தை வாங்க இரண்டு கைகளையும் நீட்டினார்.